ஓசை ஓடும் கால்வாய்கள்



சென்னையிலிருந்து திருத்தணிக்கும் திருப்பதிக்கும் செல்லும் பெருவழியில் கனகம்மாசத்திரம் என்னும் ஊரை நீங்கள் கடந்திருக்கலாம். அவ்வூரில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கும் நான் வரலாறு கற்பித்தவன், மின்னியல் படித்தவனல்லன். அத்தகையவன் மின்கிதாரின் ஒலியைப் பற்றிப் பேச வந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு.

பல்லாண்டுகளுக்கு முன், நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, ஆண்டு விழா ஒத்திகைக்கு ஒரு மாணவன் மின்கிதாரும் காலால் மிதிக்கும் சிறு பெட்டிகள் இரண்டும் கொண்டு வந்தான். அவன் ஒரு நரம்பைத் தட்டியதும் மண்டபமெங்கும் ஒரே இரைச்சல். "இது சங்கீதமன்று, தகரக் கூச்சல், எடுத்துக்கொண்டு போ" என்று கடிந்தேன். அவன் மறுமொழி கூறவில்லை. அதன்பின் பள்ளி மேடை எதிலும் ஏறவுமில்லை. சென்ற ஆண்டு அவனே, காதோரம் நரை தோன்ற, தன் மகனோடும் புதிய பெட்டியொன்றோடும் என் திண்ணைக்கு வந்தான். "இப்போதாவது கேளுங்கள், ஐயா" என்றான். கேட்டேன், பிறகு அதன் வரலாற்றையும் தேடிப் படித்தேன்.

பல ஓசைகள் ஒருங்கே கலப்பது நமக்குப் புதிதன்று. எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள திருவாலங்காட்டைப் பாடிய காரைக்கால் அம்மையார், ஏழிசையின் பெயர்களையும் பறை வகைகளையும் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் அங்கே ஓசைகள் கலந்தது காற்றில். கம்பிக்குள் கலப்பது இருபதாம் நூற்றாண்டின் செய்தி. 1931இல் 'காளிதாஸ்' வெளிவந்த காலத்துப் பேசும் படங்களில் நடிகரே காமிராவின் முன் நின்று பாட, வாத்தியக்காரர் படத்தில் விழாமல் ஒதுங்கி நின்று வாசித்தனர். யார் ஒலி மிக வேண்டும், யார் ஒலி குறைய வேண்டும் என்பதை அவரவர் நின்ற தூரமே தீர்மானித்தது. மைக்குகள் பலவாகி, ஒவ்வொன்றின் மின்னோட்டத்தையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் மிக்ஸர் என்னும் பலகை வந்தபின், கலக்கும் வேலை ஒருவர் விரல்நுனிக்கு வந்தது.

எதிரொலியின் கதை இதனினும் சுவையானது. 1947இல் சிகாகோ நகரில் பில் புட்னம் என்பவர் ஓர் இசைக்குழுவின் பதிவுக்குக் குளியலறையையே எதிரொலிக் கூடமாக்கினார். 1957இல் ஜெர்மானிய நிறுவனமாகிய ஈ.எம்.டி., ஆளுயரத்தை விஞ்சிய எஃகுத் தகட்டைச் சட்டத்தில் தொங்கவிட்டு, அதன் அதிர்விலிருந்து முழக்கத்தை எடுத்தது. பலர் கூடித் தூக்க வேண்டிய பாரம் அது! 1961இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மான்பிரட் ஷ்ரோடர், எண்களைக் கொண்டே எதிரொலியை ஆக்கலாம் என்று காட்டினார். ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக்கி, அவற்றை நினைவகத்தில் சற்று நிறுத்தி வைத்து, மெலியச் செய்து திரும்பக் கூட்டுவதே அவர் வழி. அதைச் செய்யும் கருவி 1976இல் விற்பனைக்கு வந்தது. 1985இல் யமஹாவின் எஸ்.பி.எக்ஸ். 90 போன்றவை பலவகை மாற்றங்களை ஒரே பெட்டிக்குள் அடக்கின. என் மாணவன் கொண்டுவந்த பெட்டி அவற்றின் வழித்தோன்றல்.

கரகரப்பின் பிறப்போ ஒரு விபத்து. 1960இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் கிராடி மார்ட்டின் வாசித்துக்கொண்டிருந்தபோது மிக்ஸர் பலகையின் ஒரு வழி பழுதாகி, ஒலி பிசிறடித்தது. பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பிசிறை எறிந்துவிடவில்லை. ஆராய்ந்து, வேண்டும்போது அதனை உண்டாக்கும் சுற்றைச் செய்தார். 1962இல் அது கடைக்கு வந்தது. நான் 'தகரக் கூச்சல்' என்றது இதனைத்தான்.

இப்பெட்டியின் உள்ளே நிகழ்வதை எங்கள் வட்டாரத்துத் தண்ணீரைக் கொண்டு விளக்குவேன். கொசஸ்தலை ஆற்றில் 1944இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்தில் 1996 முதல் ஆந்திரத்தின் கண்டலேற்றிலிருந்து கிருஷ்ணா நீரும் வந்து கலக்கிறது. அங்கிருந்து கால்வாய் வழியே சோழவரத்துக்கும் புழலுக்கும் போகிறது. ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வது தொடர்வழி. கிளையாகப் பிரிந்து செல்வது இணைவழி. கிதாரின் ஒலியும் அவ்வாறே. தொடர்வழியில் முறை மிக முக்கியம். முதலில் கரகரப்பு, பிறகு எதிரொலி எனின், கரகரத்த நாதம் பெரிய கூடத்தில் ஒலிப்பதுபோல் தெளிவாக இருக்கும். முறை மாறினால் எதிரொலியின் ஒவ்வொரு துணுக்கும் கரகரத்து, எல்லாம் சேறாகிவிடும்.

இணைவழியில் வேறு இடர். மாறாத மூல ஒலி ஒரு கிளையிலும் மாற்றிய ஒலி மற்றொன்றிலும் ஓடி முடிவில் கூடும்போது, ஒரு கிளை ஆயிரத்தில் ஒரு நொடி பிந்தினாலும் ஓர் அலையின் முகடு மற்றதன் பள்ளத்தில் விழும். ஒலி மெலிந்து போகும். இரண்டு கிளையும் முழு அளவில் கூடினாலோ, எண்ணுக்கு உரிய உச்ச வரம்பு மீறி ஒலி வெட்டுண்ணும். மதகு காப்பவரைப் போலக் கூடுமிடத்தில் அளவைக் குறைத்தாக வேண்டும்.

இதெல்லாம் மேனாட்டு இசைக்கே என்று எண்ண வேண்டா. ஆந்திரத்துப் பாலகொல்லில் 1969இல் பிறந்து சென்னையில் வாழ்ந்த யு. சீனிவாஸ், மாண்டலினின் நான்கு இரட்டைத் தந்திகளை நீக்கி ஐந்து ஒற்றைத் தந்திகள் பூட்டி, அதை மின்கருவியாக்கி வாசித்தார். தட்டியவுடன் ஒடுங்கும் ஒலியில் கமகம் நிற்காது. மின்பெருக்கம் அதை நிற்கச் செய்தது. 1983இல், பதின்மூன்று பதினான்கு வயதில், பெர்லின் ஜாஸ் விழாவில் அவர் வாசித்தார். 2014இல் மறைந்தார். கம்பியும் மின்சாரமும் ராகத்தைக் கெடுக்கும் என்று அஞ்சியவர்களுள் நானும் ஒருவன்.

மீண்டும் என் திண்ணைக்கு வருகிறேன். "அன்று எனக்கு என்ன தவறு நேர்ந்தது தெரியுமா, ஐயா?" என்றான் அவன். "அவசரத்தில் வயரை மாற்றிச் செருகிவிட்டேன். எதிரொலிப் பெட்டி முன்னே, கரகரப்புப் பெட்டி பின்னே. பத்து நிமிடம் கிடைத்திருந்தால் சரிசெய்திருப்பேன்."

அந்தப் பத்து நிமிடத்தை நான் அவனுக்குத் தரவில்லை. அதைச் சொன்னபோது அவன் சிரித்தான், நான் சிரிக்கவில்லை. பிறகு அவன் மகன் பெட்டியின் திரையில் கட்டங்களை விரலால் நகர்த்தி வரிசையை மாற்றினான். ஒரு முறை பிழையாக வைத்து வாசித்தான், ஒரு முறை சரியாக. இரண்டாம் முறை அது ஹம்சத்வனி என்று எனக்குத் தெரிந்தது. இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன்.