பிம்ப்ரியின் பென்சிலினும் அட்ரினலின் ஊசியும்

1944 பிப்ரவரியில் புனே ஆகா கான் மாளிகைச் சிறையில் கஸ்தூரிபா மரணப்படுக்கையில் இருந்தபோது, கல்கத்தாவிலிருந்து விமானத்தில் பென்சிலின் தருவிக்கப்பட்டது. சில மணிக்கொரு முறை ஊசி குத்த வேண்டும் என்றறிந்த காந்தி அதை வேண்டாமென்றார். அன்று அம்மருந்து அத்தனை அரிது. பத்தாண்டு கழித்து, 1954இல், அதே புனேயை அடுத்த பிம்ப்ரியில் உலக சுகாதார நிறுவனம், யூனிசெப் ஆகியவற்றின் துணையோடு இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் ஆலை நிறுவப்பட்டது. மறு ஆண்டே உற்பத்தி தொடங்கியது.

பென்சிலின் பரவிய இடமெல்லாம் ஓர் அச்சமும் பரவியது. மிகச் சிலருக்கு, ஊசி போட்ட சில நிமிடங்களிலேயே உடலெங்கும் தடிப்பு, மூச்சுத்திணறல், இரத்த அழுத்தச் சரிவு, அரிதாக மரணம். இவ்விபரீதம் பென்சிலினுக்கு முந்தியது. 1896இல் பெர்லினில் லாங்கர்ஹான்ஸ் என்னும் நோயியல் அறிஞரின் இரண்டு வயது நிரம்பாத மகன், தொண்டை அடைப்பான் சீரம் செலுத்திய சில நிமிடங்களில் இறந்தான். 1902இல் ரிஷேவும் போர்ட்டியேவும் இதற்கு ‘அனாபிலாக்சிஸ்’ எனப் பெயரிட்டனர். இதைத் தணிக்கும் அட்ரினலினைத் தகாமினே பிரித்தெடுத்து அறிவித்ததோ 1901இல். நோயின் பெயரைவிட மருந்து ஓராண்டு மூத்தது!

ஆயினும் அம்மருந்தை எங்கே குத்துவது என்பது தெளிவாக நெடுங்காலமாயிற்று. பல பத்தாண்டுகள் தோலுக்கடியில் போடுவதே வழக்கம். 1998இல் கனடாவில் எஸ்டெல் சைமன்ஸ் குழுவினர் ஒவ்வாமையுள்ள குழந்தைகளை ஆராய்ந்தனர். தொடைத் தசையில் போட்டபோது மருந்து சராசரியாக 8 நிமிடத்தில் இரத்தத்தில் உச்ச அளவை எட்டியது. தோலுக்கடியில் போட்டபோது 34 நிமிடம். மூச்சு அடைபடும் குழந்தைக்கு அந்த 26 நிமிட வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது.

இந்தியாவில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. வாதக் காய்ச்சலால் இதயம் பாதித்த சிறார்க்கு மூன்று, நான்கு வாரத்துக்கொரு முறை பல்லாண்டுகள் பென்சிலின் போட வேண்டும். ஒவ்வாமை அதிர்ச்சிக்கு அஞ்சி மருத்துவர்கள் அதைத் தவிர்த்தால் குழந்தையின் இதய வால்வுகள் மேலும் சிதையும். பெரிய அபாயம் எது என்பதில் ஐயமில்லை. ஊசி போடும் மேசையில் ஓர் அட்ரினலின் குப்பியும் சிரிஞ்சும் இருந்தால் அவ்வச்சத்தில் பெரும்பகுதி நீங்கும். விலையும் மிகக் குறைவு.

அளவு, எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்; தொடையின் நடுப்பகுதியில், வெளிப்புறத் தசையில். தணியாவிடில் 5 நிமிடம் கழித்து மீண்டும் ஒரு முறை. அவில், ஸ்டீராய்டு முதலியன அதற்குப் பின்னரே. அவை அட்ரினலினுக்கு மாற்றல்ல. குழந்தையைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார வைக்கலாம். பதற்றத்தில் தூக்கி நிறுத்துவதோ நடக்க வைப்பதோ கூடாது. திடீரென எழுந்து நின்ற கணத்திலேயே இறந்தோரும் உண்டு.