இறுகிப்போன றலியும் 26 மரையும்

உங்கள் வீட்டுக் கராஜில் பழைய றலி சைக்கிள் ஒன்று கறள் பிடித்துக் கிடந்தால், எறிவதற்கு முன் பின்சில்லின் நடுப்பகுதியைத் துடைத்துப் பாருங்கள். ஸ்டேர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் என்றால் பெரும்பாலும் அதில் செய்த ஆண்டு பொறித்திருக்கும். போன குளிர்காலத்தில் நான் திருத்திய சைக்கிளில் 64 என்று இருந்தது. என்னைவிட வயதில் மூத்தது!

றலி என்பது ஒரு தெருவின் பெயர். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில், அந்தத் தெருவில் இருந்த சிறிய பட்டறையை 1880களின் கடைசியில் ஃபிராங்க் பௌடன் பொறுப்பெடுத்துப் பெரிய தொழிற்சாலையாக வளர்த்தார். அங்கிருந்து சைக்கிள்கள் உலகமெங்கும் போயின, யாழ்ப்பாணத்துக்கும் போயின.

அப்படியொரு சைக்கிளைக் கழற்றும்போது பாகங்கள் அசையாது. கறள் (தமிழ்நாட்டு நண்பர்கள் துரு என்பார்கள்) இரும்பைவிடக் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் இரண்டு பாகங்களுக்கு நடுவே ஆப்பு மாதிரி இறுகிவிடும். உடனே பெரிய ஸ்பானரைத் தேடாதீர்கள். அது எந்தப் பக்கம் திரும்பும், ஏன் அப்படிச் செய்தார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

பெடலில் தொடங்குவோம். வலது பெடல் சாதாரண மரை. இடது பெடல் எதிர் மரை, அதைக் கடிகாரம் சுற்றும் பக்கமாகத் திருப்பினால்தான் கழரும். ஏன்? ஒரு பென்சிலைக் கையில் தளர்வாகப் பிடித்து, அதன் நுனியை வட்டமாகச் சுற்றுங்கள். பென்சில் எதிர்ப்பக்கமாக மெல்ல உருளும். மிதிக்கும்போது பெடல் அச்சுக்கும் இதுவே நடக்கும். அமெரிக்காவின் டேய்ட்டன் நகரில் சைக்கிள் செய்து விற்ற இரு சகோதரர்கள், 1900 இல் தங்கள் சைக்கிள்களின் இடது பெடலுக்கு எதிர் மரை போட்டு, இது கழன்று விழாது என்று விளம்பரம் செய்தார்கள். அவர்கள்தான் 1903 இல் விமானம் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள்.

அடுத்தது கொட்டர் பின். பெடல் தண்டை அச்சோடு பிடித்திருக்கும் சிறிய இரும்பு ஆப்பு இது. எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். நட்டைப் பின்னின் நுனியோடு மட்டமாக வரும்வரை தளர்த்துங்கள், அது மரையைக் காப்பாற்றும். தண்டுக்குக் கீழே நிலத்தில் ஊன்றிய கட்டையோ இரும்புக் குழாயோ வைத்து, சுத்தியலால் உறுதியாக ஓர் அடி. கட்டை இல்லாவிட்டால் அந்த அடி முழுவதும் உள்ளேயிருக்கும் குண்டுகளில்தான் விழும். பத்துத் தட்டுத் தட்டினால் பின்னின் தலை நசிந்துவிடும், பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கடைசியில் வருவது மிகக் கடினமானது: செயின் பக்கத்தில் அச்சைத் தாங்கும் கப். இதுவும் எதிர் மரை. ஷெல்டன் பிரவுண் (1944–2008) என்ற அமெரிக்க மெக்கானிக் இதற்கு அருமையான வழி ஒன்றை எழுதிவைத்தார். கப்பின் துளை வழியாக ஒரு பெரிய போல்ட்டைச் செருகி, இரண்டு பக்கமும் வாஷர் வைத்து நட்டால் இறுக்குங்கள். வெளியிலிருந்து போல்ட்டைத் தொடர்ந்து இறுக்க, ஒரு கட்டத்தில் கப்பும் சேர்ந்து சுற்றும். போல்ட் இறுகும் பக்கமும் கப் கழரும் பக்கமும் ஒன்றுதான்!

இங்கே ஏன் இவ்வளவு கவனம்? பிரிட்டிஷ் சைக்கிள்களின் கப்பில் வழக்கமாக அங்குலத்துக்கு 24 மரை. றலியோ தன் பாகங்களில் பெரும்பாலானவற்றைத் தானே செய்தது, அதன் பல மொடல்களில் 26 மரை. வேறு கம்பனியின் கப் அதில் ஏறாது. ஸ்டேர்மி-ஆர்ச்சர் 2000 இல் தாய்வானுக்கு விற்கப்பட்டது. நொட்டிங்ஹாமில் சைக்கிள் செய்வது 2002 இல் நின்றது. இன்று அந்த நிலத்தில் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. நீங்கள் உடைக்கும் கப்புக்குப் பதில் தேடுவது எளிதல்ல.

இது நம் பெற்றோருக்குத் தெரிந்த விஷயம். 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டபோது, ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் சைக்கிள்தான் ஓடியது. பற்றரி இல்லாத வீடுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். பழுதானால் எறிந்துவிட்டுப் புதிது வாங்குகிற காலம் அல்ல அது. சைக்கிள் கடைக்காரர் கொட்டர் பின்னை எப்படி எடுப்பார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள், கட்டாயம் ஒரு கதை வரும்.

கழற்றிய கப்பை மண்ணெண்ணெயில் கழுவுங்கள். உள்பக்கம் குழி விழாமல் இருந்தால் அதையே திரும்பப் பூட்டலாம். புதிதாகத் தேவைப்படுவது கால் அங்குலக் குண்டுகளும் கொஞ்சம் கிரீஸும்தான். இரண்டும் இன்றைக்கும் சைக்கிள் கடையில் கிடைக்கும்.