தாயகம் திரும்பியோர்: யாருடைய தாயகத்துக்கு?

அரசாங்கக் காகிதத்தில் எங்களுக்கு ஒரு பெயர் உண்டு: ‘தாயகம் திரும்பியோர்’. ஊரில் ‘சிலோன்காரங்க’. அக்கரையில் இருந்தவரைக்கும் வேறு இரண்டு: ‘தோட்டக்காட்டான்’, ‘கள்ளத்தோணி’. இந்த நாலில் ஒன்றுகூட நாங்களாக வைத்துக்கொண்டது இல்லை. பெயர் வைக்கிற அதிகாரம் யார் கையிலோ, தேசமும் அவர்கள் கையில்தான்.

மலையகத் தமிழரின் வரலாற்றைப் பஞ்சம், கங்காணி, வெள்ளைக்காரத் துரை என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவது நம் எழுத்தாளர்களின் வழக்கம். 1820களில் தொடங்கிய காப்பித் தோட்டம், 1867இல் வந்த தேயிலை, 1876-78 தாது வருசப் பஞ்சம் எல்லாம் உண்மைதான். ஆனால் பஞ்சம் எல்லோரையுமா கப்பலேற்றியது? நிலம் வைத்திருந்தவன் நிலத்தை அடகு வைத்தான். இல்லாதவன் தன்னையே அடகு வைத்தான். திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் பக்கமிருந்து போனவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். பண்ணைக் கடனிலிருந்து தப்பி ஓடியவனுக்கு அங்கே கங்காணிக் கடன் காத்திருந்தது. கங்காணிகளில் பலர் குடியானச் சாதிக்காரர்கள். லயத்துக் காம்பராவையும் சாதி பார்த்துத்தான் ஒதுக்கினார்கள்.

எங்கள் அம்மாச்சி ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா செட்டியார்பட்டிப் பக்கமிருந்து போனவர். “அங்கயும் வேற வேற லயந்தான். ஆனா பெரட்டுல எல்லாரும் ஒண்ணாத்தான் நிக்கணும். கொழுந்து நிறுக்குற தராசுக்குச் சாதி தெரியாது” என்பார். அவ்வளவு சின்ன வித்தியாசத்தை ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார் என்றால், இங்கே வந்து அவர் பட்டது என்ன என்று புரிந்துகொள்ளலாம்.

1948இல் சுதந்திர இலங்கை குடியுரிமைச் சட்டம் போட்டது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. தேயிலையால் அந்த நாட்டுக்குச் சோறு போட்டவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேர் கணக்கு. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் ஆடு மாடு பிரிக்கிற மாதிரி. ஆட்டிடம் யார் சம்மதம் கேட்பார்கள்?

கூலிகள் போனபோது நோய்ச் சோதனைக்கு நிறுத்தி வைத்தது மண்டபம் முகாமில். திரும்பியபோதும் அதே மண்டபம். 1983க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களுக்கும் அதே மண்டபம். அங்கிருந்து சிலரை 1968இல் தொடங்கிய நீலகிரி அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள், சிலரை நூற்பாலைக்கு, சிலருக்குத் தொழில் கடன். ஏமாந்தவர்கள் கொடைக்கானல் மலையில் கொத்தடிமைகள் ஆனார்கள். எங்கள் குடும்பம் கடனை வாங்கிக்கொண்டு சொந்த ஊர் என்று நம்பிய ஊருக்கு வந்தது. ஊர் அடையாளம் கண்டுகொண்டது. நேராகக் கையைக் காட்டியது சேரிப் பக்கம். நூறு வருசம் கழித்தும் எங்கள் சாதி ஊருக்கு மறக்கவில்லை. எங்களுக்கென்று நிலம் ஏதாவது இருந்ததா என்பது மட்டும் யாருக்கும் ஞாபகமில்லை.

இங்கே யார் வந்தவர், யார் இருந்தவர்? ராஜபாளையத்தின் பெயரிலேயே இருக்கிற ராஜுக்கள் தெலுங்கு தேசத்திலிருந்து வந்தவர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளைத் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யதா’ என்று காவியமாக்கியவர் விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர். இந்த வட்டாரம் பல மொழி, பல பண்பாடு கலந்து வாழ்ந்த பூமிதான்; அதில் நமக்கு ஒரு சங்கடமும் இல்லை. ஆனால் ராயருக்குத் திறந்திருந்த கோயில், சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வந்த 1947 வரைக்கும் எங்கள் முப்பாட்டனுக்குச் சட்டப்படி திறக்கவில்லை. தெலுங்கு பேசி நிலத்தோடு இருப்பவரை யாரும் ‘எப்ப வந்தீங்க’ என்று கேட்பதில்லை. அதே தெலுங்கு பேசும் அருந்ததியரைக் கேட்கிறார்கள். தமிழே பேசும் எங்களையும் கேட்கிறார்கள். அப்படியென்றால் வந்தேறி என்பது மொழிக் கணக்கும் இல்லை, வருசக் கணக்கும் இல்லை. பட்டாக் கணக்கு, சாதிக் கணக்கு.

என் அண்ணன் படிப்புக்காகச் சாதிச் சான்று கேட்டுப் போனபோது ஓர் அலுவலகத்தில் கேட்ட கேள்வி: “1950க்கு முன்னால உங்க குடும்பம் எங்க இருந்துச்சு? ஆதாரம் இருக்கா?” எங்களைச் சேரியில் குடிவைக்க ஊருக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. அதே சாதிக்குரிய உரிமையைத் தர மட்டும் காகிதம் வேண்டும். தீண்டாமைக்குப் பாஸ்போர்ட் கேட்பதில்லை, இடஒதுக்கீட்டுக்குக் கேட்கிறார்கள்.

தனக்குத் தாயகம் இல்லை என்று 1931இல் காந்தியிடம் முகத்துக்கு நேரே சொன்னார் அம்பேத்கர். பலர் அதைக் கோபப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கு அது குடும்ப வரலாறு. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாட்டிலிருந்து வந்தவர்களைச் சொல்லிவிட்டு இலங்கையை விட்டுவிட்டது. அதனால் 1983க்குப் பிறகு வந்த மலையகத்தாரில் ஒரு பகுதியினர், பாட்டன் பிறந்த மண்ணிலேயே இன்றும் அகதி முகாமில் கிடக்கிறார்கள். தொப்புள்கொடி உறவு என்று மேடையில் முழங்கும் தமிழ்த் தேசியத் தோழர்கள், அந்தக் கொடியை எந்தத் தெருவில் அறுத்துப் போட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பேசட்டும்.

முகாமில் இருப்பவர்களுக்குக் குடியுரிமை, திரும்பி வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அலைக்கழிப்பில்லாத சாதிச் சான்று, குடியிருக்கிற மனைக்குப் பட்டா. இவை மூன்றும் கருணை மனுக்கள் அல்ல, பாக்கிக் கணக்கு. மாணவத் தோழர்கள் செய்ய ஒரு வேலையும் இருக்கிறது. பக்கத்துக் காலனிகளில் தகரப் பெட்டிக்குள் இன்னும் பழைய பாஸ்போர்ட்டுகளும் குடும்ப அட்டைகளும் கிடக்கின்றன. அவற்றைப் படியெடுங்கள். கொழுந்து பறித்த கிழவிகள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் எந்த லயத்தில் இருந்தார்கள், வந்தபின் எந்தத் தெருவில் குடிவைக்கப்பட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அலுவலகம் கேட்கிற ஆதாரம் அதுதான்.