ஹம்முராபிக்கு முந்தைய ஒரு வழக்குமன்றம்



பழங்காலச் சட்டம் என்றால் வகுப்பில் படித்த ஹம்முராபிதான் பலருக்கும் நினைவுக்கு வருவார். அவருக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே, கி.மு. 19-ஆம் நூற்றாண்டில், அசீரியர்கள் ஒழுங்காக வழக்கு நடத்தினார்கள்.

டைகிரிஸ் நதிக்கரையில் இருந்த அசூர் நகர வணிகர்கள், கழுதைகளில் வெள்ளீயமும் துணியும் ஏற்றிக்கொண்டு இன்றைய துருக்கியில் உள்ள கனேஷ் நகருக்குப் போனார்கள். அங்கே 20,000-க்கும் மேற்பட்ட களிமண் பலகைகள் கிடைத்துள்ளன. கடிதம், கடன் பத்திரம், சாட்சி வாக்குமூலம், தீர்ப்பு எல்லாம் அவற்றில் உண்டு.

தகராறு வந்தால் கனேஷில் வணிகர் சபை கூடும். கருத்து வேறுபட்டால் பெரும்பான்மைப்படி முடிவு. சாட்சிகள் அசூர் தெய்வத்தின் குத்துவாள் முன்னே வாக்குமூலம் தருவார்கள். பெரிய வழக்குகள் அசூர் நகரச் சபைக்குப் போகும். அங்கே அரசன் தனியாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. சபையின் முடிவைக் கடிதமாக எழுதி அனுப்புவான். பத்திரத்தைக் களிமண் உறைக்குள் வைத்து, அதே வாசகத்தை உறைமேலும் எழுதி, சாட்சிகள் முத்திரை வைப்பார்கள். யாராவது உறையில் கைவைத்தாலும் உள்ளே இருக்கும் அசல் காட்டிக்கொடுத்துவிடும்!

என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஒரு திருமணப் பத்திரம். லகிபும் என்ற அசீரியன் ஹதாலா என்ற பெண்ணை மணக்கிறான். அந்த நாட்டில் அவன் வேறு பெண்ணை மணக்கக் கூடாது. அவன் விலக்கினால் 5 மினா வெள்ளி, அதாவது சுமார் இரண்டரைக் கிலோ, தர வேண்டும். அவள் விலக்கினாலும் அதே 5 மினா.

இனி, அதே அசூரில் கி.மு. 1100-ஐ ஒட்டிப் படியெடுக்கப்பட்ட சட்டப் பலகையைப் பாருங்கள். மனைவியை விலக்கும் கணவன் விரும்பினால் ஏதாவது கொடுக்கலாம். விரும்பாவிட்டால் அவள் வெறுங்கையோடு போக வேண்டும். அடிமைப் பெண் முக்காடு போட்டால் தண்டனை. பார்த்தும் சும்மா விட்டவனுக்கு 50 அடி.

முன்னது இரு தரப்பும் பேசி எழுதிய ஒப்பந்தம். பின்னது மேலிருந்து விதித்த சட்டம். பெண் வீட்டாருக்குப் பேரம் பேசும் பலம் இருந்தது என்பதே வேறுபாட்டுக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

காலம் போகப் போக உரிமை தானாக வளரும் என்று நம்பிவிடாதீர்கள் பிள்ளைகளே. காவல் காக்காவிட்டால் தேய்ந்தும் போகும். வக்கீல்களாக இருக்கும் என் மாணவ மாணவியர் என்ன சொல்கிறீர்கள்? எழுதுங்கள்.