எஸ்100பி: தலைக்காய அளவீடும் மறுசேர்க்கைப் புரதத்தின் நம்பகமும்

மதுரை ஆரப்பாளையத்திலிருந்து தேனிச் சாலையில் பைக்கில் போனவர் விழுந்து தலையில் அடிபட்டால், உடனே எழும் கேள்வி சி.டி. ஸ்கேன் எடுக்கலாமா வேண்டாமா என்பதே. ஸ்காண்டிநேவிய நாடுகளின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இதற்கு ஒரு ரத்தச் சோதனையைச் சேர்த்தது. இலேசான, ஆபத்துக் குறைந்த காயமாக இருந்து, அடிபட்ட 6 மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் எஸ்100பி புரதம் லிட்டருக்கு 0.10 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருந்தால் ஸ்கேன் இல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம் என்றது அது. இந்த எண்ணை அப்படியே மதுரைக்குக் கொண்டுவருவது தவறு என்பதே என் வாதம்.

முதல் காரணம், இந்தப் புரதத்தை மூளை மட்டும் சுரப்பதில்லை. கொழுப்புச் செல்களும் தோலின் நிறமிச் செல்களும் குருத்தெலும்புச் செல்களும் அதை உண்டாக்குகின்றன. எலும்பு முறிந்தாலும் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். ஆரோக்கியமானவர்களிடமே ஆசியருக்கும் கறுப்பினத்தவருக்கும் அளவு கூடுதலாக இருந்ததை 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே நம் ஊர் மக்களின் இயல்பு அளவை இங்கேயே கண்டாக வேண்டும்.

இரண்டாவது காரணம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. அளவிடும் கருவியை ஒழுங்குசெய்ய ஓர் அளவுகோல் வேண்டும். ஆய்வகங்களில் அதற்குத் தோதான பொருள், மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவில் புகுத்தி ஆக்கிய மறுசேர்க்கைப் புரதம்.  அந்தப் புரதம் வரும் புட்டியின் சீட்டில் 'தூய்மை' என்று அச்சிட்ட சதவீதம், ஜெல் சோதனையில் ஒரே பட்டை தெரிந்ததை மட்டும் காட்டலாம். புரதம் சரியாக மடிந்திருக்கிறதா என்று அது சொல்லாது. எஸ்100பி இரண்டு துணையலகுகள் சேர்ந்த இரட்டையுரு; ஒவ்வொரு துணையலகிலும் இரண்டு சிஸ்டீன்கள் உண்டு. காற்றுப் பட்டு அவை ஆக்சிஜனேற்றமடைந்தால் இரட்டையுருவின் வடிவம் மாறிவிடும். சுத்திகரிப்புக்காக ஒட்டிய ஹிஸ்டிடின் வாலும் துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும். இப்புரதமே துத்தநாகத்தைப் பிணைப்பது என்பதால் அளவீடு குழம்பும்.

புரதம் சரியாக மடிந்திருக்கிறதா என்று பார்க்க அதன் இயல்பே ஒரு சோதனையையும் தந்திருக்கிறது. கால்சியம் பிணைந்ததும் எஸ்100பி தன் நீர்வெறுக்கும் பரப்பைத் திறக்கிறது. அப்போது ஃபினைல் செஃபரோஸ் தூணில் ஒட்டிக்கொள்கிறது, ஈ.ஜி.டி.ஏ. ஊற்றிக் கால்சியத்தைப் பிடுங்கினால் கழன்று வருகிறது. இப்படி ஒட்டிக் கழலாத புரதத்தை அளவுகோலாக வைக்கக்கூடாது.

இந்த மறுசேர்க்கைப் புரதத்தைச் செல் வளர்ப்பு ஆய்வில் பயன்படுத்தினால் இன்னொரு கவனமும் தேவை. நானோமோலார் அளவில் நரம்புச் செல்களைக் காக்கும் இதே புரதம் மைக்ரோமோலார் அளவில் அழற்சியைத் தூண்டுகிறது. பாக்டீரியாவிலிருந்து ஒட்டிவந்த எண்டோடாக்சின் என்ற நச்சும் அழற்சியைத்தான் தூண்டும். அதைக் கழிக்காமல் எழுதும் முடிவுக்கு மதிப்பில்லை.

இவையெல்லாம் இங்கேயே செய்யக்கூடியவை. மரபணுப் பொறியியலில் நீண்ட அனுபவமுள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அதே தேனிச் சாலையில்தான் இருக்கிறது. அங்கே புரதத்தை ஆக்கிச் சோதித்து, மதுரை அரசுப் பெரியாஸ்பத்திரியுடன் சேர்ந்து ஆரோக்கியமானவர்களின் இயல்பு அளவைத் தொகுக்க வேண்டும். அதுவரை 0.10 என்ற எண்ணை நம்பி எந்த நோயாளிக்கும் ஸ்கேனை மறுக்க வேண்டாம்.