சண்டிகர் நாற்காலி

எழுபதுகளின் பாணியில் இல்லத்தை அணிசெய்ய விழைவோர் இன்று பெருநகரங்களில் பலர். அவர்கள் தேடும் பொருள்களுள் ஒன்றாகிய பிரம்பு பின்னிய தேக்கு நாற்காலி, உண்மையில் இல்லத்துக்கென்று பிறந்ததன்று.

1950களில் பஞ்சாபின் புதிய தலைநகராகச் சண்டிகர் எழுந்தபொழுது, லெ கொர்பூசியேயின் உறவினரான பியேர் ஜானரே 1965 வரை அங்கேயே தங்கி, அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் வேண்டிய இருக்கைகளை வடிவமைத்தார். தேக்கு கரையானுக்கு எளிதில் இடங்கொடாது. பிரம்புப் பின்னல் கோடையில் முதுகுக்குக் காற்றுவிடும். தச்சர் பலர் கையால் இழைத்தமையால் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. எழுபதுகளில் அவற்றில் அமர்ந்து கோப்பெழுதிய எழுத்தர்கள் அவற்றைக் கலைப்பொருள் எனக் கருதியிருப்பரோ? ஐயமே!

பிரம்பு அறுந்ததும் நாம் அவற்றை மொட்டைமாடிகளில் குவித்தோம். பழஞ்சாமானென்று சொற்ப விலைக்கு ஏலம் விட்டோம். அயல்நாட்டு வணிகர் வாங்கிச் செப்பனிட்டு, ஐரோப்பிய ஏலக்கூடங்களில் இலட்சக்கணக்கில் விற்றனர். 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் இங்கிருந்து விற்பதைத் தடை செய்தது. அதற்குள் போனவை ஏராளம். இன்று நம் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் நகல்களே.

அசல் நாற்காலிகள் பலவற்றில் அலுவலகப் பெயரும் எண்ணும் வர்ணத்தால் எழுதப்பட்டிருக்கும். பொருட்கணக்குக்காக இட்ட அவ்வெண்ணைத்தான் வாங்குவோர் இப்பொழுது முதலில் தேடுகின்றனர்.