மதுரையில் தீயணைப்புப் பரிபாலனம்

கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவர்களை இடிப்பித்து வெளி வீதிகளுக்கு வழி திறந்த நாளிலும், ஓலையும் மரமுமாக வீடுகள் நெருங்கிக் கிடந்த மதுரையில் தீப்பற்றினால், அண்டை வீட்டார் குடங்களோடு ஓடிவந்து, கிணற்று நீரையும் தெப்பக்குளத்து நீரையும் இறைத்து, அடுத்த கூரையைப் பிய்த்தெறிந்து காப்பதே வழியாக இருந்தது. 1866-இல் நகராட்சி ஸ்தாபிதமானபின் இக்கடமை சட்டத்தின் உருவம் பெற்றது. எளிதில் தீப்பற்றும் பொருள்களால் கூரை வேய்வதைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் நகரசபைக்குக் கிடைத்தது. தீயணைப்புக்கான செலவு, தெருவிளக்குச் செலவோடு சேர்ந்து, பொதுப் பாதுகாப்பு என்ற கணக்கில் வரி செலுத்துவோர் கண்ணெதிரிலேயே நின்றது.

பின்னர் தீயணைப்பு மாநில அரசின் இலாகாவாயிற்று. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு உறுதியான ஆதாரம் அமைத்தது. இதற்கு மாறாக, அமெரிக்காவில் பல பிரதேசங்களில் தீயணைப்பு வட்டாரம் ஒவ்வொன்றும் தன் நிர்வாகக் குழுவையும் தன் சொத்து வரியையும் உடையதாதலால், செல்வம் மிகுந்த ஊருக்குச் சிறந்த வண்டியும், வறிய ஊருக்குத் தொண்டர்களின் உழைப்பு மட்டுமே துணையும் என்ற நிலை நேர்வதுண்டு. மதுரை மாவட்டத்து உசிலம்பட்டியும் மேலூரும் தம் வீட்டு வரியை மட்டும் நம்பியிருந்தால், வைக்கோற்படப்பு எரியும் வேளையில் அவற்றுக்கு வண்டி எங்கிருந்து வரும்? மாநிலப் பொது நிதியிலிருந்து சம்பளமும் வாகனமும் வழங்கும் நம் ஏற்பாடே நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆயினும் ஒரு நஷ்டம் நேர்ந்தது: பொறுப்பு பலர் கையில் சிதறியது. 1993-இல் அமலுக்கு வந்த எழுபத்து நான்காவது அரசியல் சாசனத் திருத்தம் தீயணைப்பை நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகளுள் ஒன்றாக எண்ணியது. பம்பாயிலும் அகமதாபாத்திலும் மாநகராட்சியே அதனை நடத்துகிறது. இங்கோ வண்டி இலாகாவினுடையது, கட்டட அனுமதியும் சந்தின் அகலமும் மாநகராட்சியினுடையவை, மீனாட்சியம்மன் கோயில் மண்டபத்துக் கடைகள் தேவஸ்தானத்தினுடையவையாக இருந்தன. 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு அக்கோயிலின் வீரவசந்தராய மண்டபத்துக் கடைகள் எரிந்தன. அதன் பிறகே கோயிலுக்குள் கடைகள் இருக்கலாமா என்னும் கேள்வி நீதிமன்றத்தில் வலுத்தது. 2020 தீபாவளியன்று நவபத்கானா தெருவில் ஜவுளிக்கடையின் தீயை அணைக்கச் சென்ற வீரர் இருவர், கட்டடம் இடிந்து விழுந்து மாண்டனர். தெப்பத்து நீரை இறைத்துத் தீயணைத்த நாளும் போய், எழுகடல் தெப்பமிருந்த இடத்தில் இன்று கடைவளாகம் நிற்கிறது. நிதியைச் சென்னை தரட்டும்; ஆனால் மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் கட்டட அனுமதி வழங்குமுன், அங்கு உயிரைப் பணயம் வைத்து நுழையவேண்டிய தீயணைப்பு நிலைய அதிகாரியின் சம்மதத்தை மாநகராட்சி கட்டாயம் பெற்றாக வேண்டும்.